அச்சின் பிழையும் காலத்தின் தேய்வும்

நாணயம் என்னும் சொல் நம் வழக்கில் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். வாக்குத் தவறாத நேர்மையும் நாணயம். முன்னதை அரசு அடித்து வெளியிடுகிறது. பின்னதை ஒவ்வொரு மனிதனும் தன் வாழ்நாளெல்லாம் தானே அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே சொல் இவ்விரண்டையும் சுமந்து நிற்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், 40 ஆண்டுகளுக்கு மேலாகக் காசுகளைச் சேர்த்து வருபவன் என்ற முறையில், ஒரு காசை ஆராயும்போது இரண்டாவது நாணயமும் உடன் சோதிக்கப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே கிடப்பது காசு. அதன்மேல் குனிந்திருப்பது மனிதனின் ஆசை.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் இப்பழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. வரலாற்றுப் பாடத்தை வெறும் சொற்களால் நடத்தினால் பிள்ளைகளின் கண்கள் சன்னலுக்கு வெளியே போய்விடும். மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய வாரியம் வெளியிட்ட 1962ஆம் ஆண்டுச் சதுரக் காசு ஒன்றை, குறுக்கிட்ட இரு கிரிஸ் கத்திகள் பொறித்த அந்தச் செம்புக் காசை, அவர்களின் உள்ளங்கையில் வைத்துவிட்டாலோ ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியோடு எழுந்து நிற்கும். பாராளுமன்றக் கட்டடம் பொறித்த மலேசியக் காசுகள், கடற்குதிரை நீந்தும் சிங்கப்பூர்க் காசுகள், கப்பலேறி வந்த அயல்நாட்டுக் காசுகள் எனச் சேர்ப்பு வளர்ந்தது. காசுகளைக் கொண்டுவந்து காட்டுவோரின் எண்ணிக்கையும் அதனோடு வளர்ந்தது.

அவ்வாறு வருவோரில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறதே, இது விலையுயர்ந்ததா?" இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதன்று. எழுத்துகள் இரட்டையாகத் தெரியும் காசுகளில் மிகச் சிலவே உண்மையான 'இரட்டைப் பதிவு அச்சு'க் காசுகள். ஆங்கிலத்தில் இவற்றை 'டபுள்ட் டை' என்பர். ஏனையவை யாவும் இயந்திரத்தின் தளர்ச்சியாலோ, அச்சின் முதுமையாலோ, புழக்கத்தின் தேய்மானத்தாலோ, யாரோ தரையில் தேய்த்ததாலோ அவ்வாறு தோன்றுபவை. முன்னதற்கு ஆயிரக்கணக்கில் விலை உண்டு; பின்னவற்றுக்கு முகமதிப்புக்கு மேல் பெரிதாக ஏதுமில்லை. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

ஆசிரியர்களுக்கு இதை விளக்க ஓர் எளிய உவமை உண்டு. பள்ளிகளில் கணினி அச்சு நுழைவதற்கு முன், தேர்வுத்தாள்களைத் தட்டச்சு செய்து 'சைக்ளோஸ்டைல்' இயந்திரத்தில் படியெடுத்த காலத்தை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் எழுத்துகளைத் தட்டி, அதை உருளையில் மாட்டி, மை பூசிச் சுழற்றுவோம். தட்டச்சு செய்யும்போதே தாள் சிறிது நழுவி, ஒரு வரி சற்று விலகி மறுமுறையும் பதிந்துவிட்டால், அந்த ஸ்டென்சிலிலிருந்து வரும் 200 படிகளிலும் அதே வரி, அதே அளவு விலகி, அதே இடத்தில் இரட்டையாகவே இருக்கும். இஃது ஒருவகை. ஸ்டென்சில் பழுதற்றதாக இருந்தும், படியெடுக்கும்போது வெள்ளைத்தாள் சறுக்கினால் அந்தத் தாளில் மட்டும் எழுத்து இழுபட்டிருக்கும். இது வேறொரு வகை. நூற்றுக்கணக்கான படிகள் எடுத்தபின் ஸ்டென்சில் நைந்து, எழுத்தின் ஓரம் தடித்து மங்கலாகும். இது மூன்றாம் வகை. நல்ல தாளைப் பெற்ற மாணவன் ஈரக்கையால் தொட்டு மையைக் கலைத்துவிடுவது நான்காம் வகை. நாணயத்திலும் இந்நான்கும் உண்டு. முதல் வகை ஒன்றே நாம் தேடும் அரிய காசு.

அஃது எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சிறிது விரிவாகக் காண்போம். காசில் மேடாகத் தெரியும் உருவம், அதை அடிக்கும் எஃகு அச்சில் பள்ளமாக, இடவலம் மாறி இருக்கும். அப்பள்ளத்தைக் கைவினைஞர் ஒவ்வோர் அச்சிலும் தனித்தனியே செதுக்குவதில்லை. காசைப் போலவே மேடாக உருவம் கொண்ட ஒரு 'தாய் அச்சு' இருக்கும். அதைப் பேரழுத்தத்தில் எஃகுத் துண்டின்மீது அழுத்தினால் அதில் பள்ளமாக உருவம் பதியும். ஆனால் ஒரே அழுத்தத்தில் முழு உருவமும் ஆழமாகப் பதிவதில்லை. அழுத்தத்தால் எஃகு இறுகிவிடும். ஆகவே அதை உலையிலிட்டு இளக்கி, ஆறவைத்து, மீண்டும் அதே இடத்தில் பொருத்தி இரண்டாம் முறை, தேவையாயின் மூன்றாம் முறையும் அழுத்துவர். அமெரிக்க நாணயச்சாலைகளில் நெடுங்காலம் இம்முறையே இருந்தது. இரண்டாம் அழுத்தத்தின்போது தாய் அச்சு மயிரிழையளவு திரும்பி நின்றாலும் போதும்: முதல் உருவத்தின்மேல் இரண்டாம் உருவம் விலகிப் பதிந்துவிடும். அப்பிழையோடு கூடிய அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசும் அப்பிழையைத் தன் முகத்தில் தாங்கியே பிறக்கும்.

இவ்வகையில் உலகறிந்தது 1955ஆம் ஆண்டு அமெரிக்கச் சென்ட். ஒரு முகத்தில் ஆபிரகாம் லிங்கனின் தலையும் மறு முகத்தில் இரு கோதுமைக் கதிர்களும் கொண்ட செம்புக் காசு அது. அவ்வாண்டு பிலடெல்பியா நாணயச்சாலையில், முன்முகத்துக்கான ஓர் அச்சு மேற்சொன்னவாறு பிழையோடு இயந்திரத்தில் ஏறிவிட்டது. பரிசோதகர் கண்டுபிடிப்பதற்குள் பல்லாயிரம் காசுகள் அடிக்கப்பட்டு, ஏனைய இயந்திரங்களின் நற்காசுகளோடு கலந்துவிட்டன. அவற்றைப் பிரிப்பதற்காக முழுக்குவியலையும் உருக்குவது வீண்செலவு என்று கருதிய அதிகாரிகள் அப்படியே வெளியே அனுப்பினர். அவ்வாறு வெளிவந்தவை ஏறத்தாழ 20,000 முதல் 24,000 வரை இருக்கலாம் என்பது சேகரிப்போரின் மதிப்பீடு. அந்நாளில் 23 சென்ட் விலையுள்ள சிகரெட்டுப் பெட்டிகளைத் தானியங்கி இயந்திரத்தில் 25 சென்ட் போட்டு வாங்குவர். மீதி இரண்டு சென்ட்டும் பெட்டியின் கண்ணாடித்தாள் உறைக்குள்ளேயே இருக்கும். இப்பிழைக் காசுகளுள் பல அவ்வாறே மக்கள் கைக்கு வந்தன என்று நாணய நூல்கள் கூறுகின்றன. புகைப்பவன் பெட்டியைப் பிரித்து மீதியை எறிந்தானோ, சட்டைப்பையில் போட்டானோ! இன்று அக்காசு ஒன்று, புழங்கித் தேய்ந்த நிலையிலும் ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோகிறது.

அக்காசை நோக்கினால் கண்ணாடியின் உதவியே வேண்டியதில்லை. ஆண்டைக் குறிக்கும் நான்கு இலக்கங்களும், 'லிபர்ட்டி' என்னும் சொல்லும், தலைக்குமேல் உள்ள கடவுள் நம்பிக்கை வாசகமும் இரண்டிரண்டாக நிற்கும். லிங்கனின் முகத்தில் மட்டும் இரட்டை பெரிதாகத் தெரியாது. சக்கரம் சுழலும்போது அச்சாணியின் அருகே அசைவு குறைந்தும் விளிம்பில் மிகுந்தும் இருப்பதைப் போல, தாய் அச்சு சற்றே திரும்பியதால் நடுப்பகுதியில் விலகல் குறைந்து, விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் கூடிற்று. பிழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை இது காட்டுகிறது. ஒழுங்கற்ற இரட்டையைக் கண்டால் ஐயுற வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் முதற்பாடம்.

இனி, போலித் தோற்றங்களைக் காண்போம். அவற்றுள் மிகுதியாகக் கிடைப்பது இயந்திர அசைவால் வருவது. அச்சு தன் பிடிப்பில் இறுக்கமாக இல்லாவிடில், காசை அடித்த அக்கணத்திலேயே சற்று நகர்ந்து, இப்போதுதான் மேடாக எழுந்த எழுத்தின் ஓரத்தைத் தட்டி நசுக்கிவிடும். அதனால் எழுத்தின் பக்கத்தில் படிக்கட்டுப் போன்ற தட்டையான, பளபளப்பான ஒரு விளிம்பு உண்டாகும். அவ்விளிம்பு காசின் தரைக்கு அருகிலேயே தாழ்ந்து கிடக்கும். உண்மையான இரட்டைப் பதிவிலோ, இரண்டாம் எழுத்தும் முதல் எழுத்தைப் போலவே உருண்டு, திரண்டு, தனக்கென உயரம் பெற்று நிற்கும். எழுத்தின் மூலைகளில் இரு உருவங்களும் பிரியும் இடம் மீன்வால் போலப் பிளந்து தெரியும்.

மாணவர்களுக்கு நான் இதைக் கணக்குப் பாடமாகவே சொல்வதுண்டு. உண்மையான பிழை கூட்டல். இயந்திர அசைவு கழித்தல். அச்சில் இரு பள்ளங்கள் இருந்தால் காசில் அதற்கேற்ப உலோகம் கூடுதலாக எழும். எழுத்து இயல்பைவிட அகன்றிருக்கும். அசைவால் வரும் இரட்டையில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. இருந்த எழுத்தின் உலோகமே நசுங்கிப் பக்கத்தில் படிந்திருக்கும். ஆகவே மூல எழுத்து மெலிந்திருக்கும். ஒரு நற்காசை அருகில் வைத்து எழுத்தின் அகலத்தை ஒப்பிட்டாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, அச்சின் முதுமை. எஃகும் களைத்துப்போகும். இலட்சக்கணக்கான காசுகளை அடித்தபின் அச்சின் பள்ள ஓரங்கள் தேய்ந்து அகலும். அதிலிருந்து வரும் எழுத்துகள் வீங்கியவைபோல் ஓரம் மங்கி, பெரும்பாலும் விளிம்பை நோக்கிப் பரந்து கிடக்கும். காசின் தரையும் வழவழப்பை இழந்து ஆரஞ்சுத் தோலைப்போல் சொரசொரப்பாக இருக்கும். இதிலும் ஒரு காசில் உள்ளது அடுத்த காசிலும் இருக்குமாதலின், பல காசுகளில் ஒத்திருக்கிறது என்னும் ஒரு சான்றை மட்டும் கொண்டு ஏமாந்துவிடக் கூடாது. பிறவிப் பிழை முதற்காசிலிருந்தே தெளிவாக இருக்கும். முதுமைப் பிழை நாளுக்குநாள் வளரும். அந்த 1955ஆம் ஆண்டிலேயே இத்தகைய காசுகளும் மிகுதியாக வெளிவந்தன. ஆண்டின் கடைசி ஐந்து மட்டும் நிழல்தட்டியதுபோல் தெரியும் அக்காசுகளை 'ஏழையின் இரட்டைக் காசு' என்று பெயரிட்டு விற்றோர் உண்டு. பெயரில் ஏழை இருப்பினும், ஏழைக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

மூன்றாவது, பூச்சு வெடிப்பு. 1982ஆம் ஆண்டின் இடையிலிருந்து அமெரிக்கச் சென்ட்டைத் துத்தநாகத்தில் செய்து மெல்லிய செம்புப் பூச்சிட்டனர். அடிக்கும்போது எழுத்தின் ஓரத்தில் அப்பூச்சு கிழிந்தால் உள்ளிருக்கும் வெண்ணீல உலோகம் ஒரு கோடாகத் தெரியும். அதையும் இரட்டை என்று எண்ணி மகிழ்வோர் பலர். நிறம் மாறினால் அது பதிவன்று, கிழிசல் என்று கொள்க. நான்காவது, புழக்கத்தில் ஏற்படும் தேய்வும் சிதைவும். தேய்வு எப்போதும் மேடான இடங்களையே முதலில் தொடும். லிங்கனின் கன்னமும் தாடையும் மழுங்கியபின்தான் தாழ்ந்த பகுதிகளுக்கு வரும். தேய்வு எடுத்துக்கொள்ளுமே அன்றி எதையும் கொடுக்காது. எத்தனை கைகள் மாறினாலும் தேய்மானத்தால் இரண்டாம் எழுத்து ஒன்று முளைக்காது. மற்றொரு பொருள் மோதியதால் எழுத்து சாய்ந்திருந்தால், தள்ளுண்ட உலோகம் ஒருபுறம் குவிந்தும் மறுபுறம் கீறல் விழுந்தும் இருக்கும்.

இவற்றோடு ஒளி செய்யும் மாயமும் ஒன்று உண்டு. ஒரே விளக்கின் கீழ் காசைச் சாய்த்துப் பார்க்கும்போது எழுத்தின் நிழலே இரண்டாம் எழுத்தாகத் தோன்றும். காசை மெல்லச் சுழற்ற வேண்டும். ஒளிக்கேற்ப அக்கோடு இடம் மாறினால் அது நிழல். மாறாது நின்றால் மேலும் ஆராயத் தக்கது.

இந்த அறிவெல்லாம் பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்படும் என்று ஒருவேளை வாசகர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். லாரி ஓட்டிப் பிழைப்பவன். வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து, காசுகளைக் காட்டும் நாளில் மட்டும் முன்வரிசைக்கு வந்துவிடுபவன் அவன். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தான். உள்ளே 1955ஆம் ஆண்டு அமெரிக்கச் சென்ட் ஒன்று இருந்தது.

அவனுடைய தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மாலுமிகள் கொடுத்த பல நாட்டுச் சில்லறைகளை ஒரு பால் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து டின்னைத் திறந்து பார்த்தபோது இது கிடைத்ததாம். படம் எடுத்து ஒருவரிடம் காட்டியிருக்கிறான். அவர் இதைப் பார்த்தவுடன், "இரட்டை அச்சுக் காசு, ஐயாயிரம் வெள்ளிக்குக் குறையாது. அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வேண்டும். முதலில் 800 வெள்ளி கட்டு," என்று சொல்லியிருக்கிறார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்த நேரம். மனைவியின் சங்கிலியை மறுநாள் காலையில் அடகுக்கடையில் வைப்பதென்று முடிவு செய்துவிட்டான்.

"ஐயா, பள்ளியில் காசைக் காட்டிப் பாடம் நடத்துவீர்களே, அந்த நினைவில்தான் வந்தேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குத் தைரியம்," என்றான்.

அவன் என்னிடம் கேட்டது ஆராய்ச்சி அன்று; ஆசி. அதை நான் அக்கணமே உணர்ந்தேன். காசை எடுத்து விளக்கின் கீழ் வைத்தேன். ஒரு பார்வையிலேயே விடை தெரிந்துவிட்டது. ஆனால் அவ்விடையை என் வாயால் சொன்னால், அவன் மனம் என்னை நம்புவதா, ஐயாயிரம் வெள்ளி என்று சொன்னவரை நம்புவதா என்று தடுமாறும். மகளின் படிப்பு ஒரு தட்டில் இருக்கையில் என் சொல் எம்மாத்திரம்? ஆகவே கண்ணாடியை அவன் கையில் கொடுத்தேன்.

"தம்பி, நீயே பார்த்துச் சொல். 'லிபர்ட்டி' என்ற எழுத்துகள் இரட்டையாக இருக்கின்றனவா?"

நெடுநேரம் பார்த்தான். "இல்லை, ஐயா."

"தலைக்குமேல் உள்ள வாசகம்?"

"இல்லை, ஐயா. ஆனால் ஆண்டில் இருக்கிறதே!"

"எந்த இலக்கத்தில்?"

"கடைசி ஐந்தில்."

"அதற்கு முந்தைய ஐந்தில்?"

அவன் விடை சொல்லவில்லை. காசைத் திருப்பினான், விளக்கை நகர்த்தினான், மறுபடியும் குனிந்தான். பிறகு மெல்லிய குரலில், "இல்லை, ஐயா," என்றான்.

தாய் அச்சு திரும்பியிருந்தால் ஒட்டி நிற்கும் இரண்டு ஐந்துகளில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு மற்றொன்றை விட்டுவிடாது என்பதை அவனுக்கு விளக்கினேன். நூலில் இருந்த உண்மைக் காசின் படத்தைக் காட்டினேன். பின்முகத்தைத் திருப்பி, 'சென்ட்' என்னும் சொல்லின் கடைசி எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். உண்மைக் காசுகளை அடித்த பின்முக அச்சில், அவ்வெழுத்தின் இடக்கைக்குக் கீழே மெல்லிய செங்குத்துக் கீறல்கள் இருந்தன. எனவே உண்மைக் காசுகளில் அக்கீறல்களின் சுவடும் இருக்கும்; கள்ளக் காசுகளைக் கண்டுபிடிக்கவும் இதைச் சான்றாகக் கொள்வர். அவன் காசில் அவ்விடம் வெறுமையாக இருந்தது.

"அந்த ஆள் பொய் சொன்னாரா, ஐயா? அல்லது தெரியாமல் சொன்னாரா?" என்று கேட்டான்.

"அது அவருக்கே வெளிச்சம், தம்பி. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் இருப்பது உண்மை. அவை கட்டணம் வாங்குவதும் உண்மை. ஆனால் காசைக் கையில் வாங்கி ஒரு முறையாவது கண்ணாடியில் பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்துப் பணம் கேட்பவர், காசைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்திருக்கிறார்," என்றேன்.

அவன் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. அதை மறைக்க அவன் முயலவில்லை. ஆயினும் சங்கிலி மனைவியின் கழுத்திலேயே இருந்தது. அந்த வாரமே உயர்கல்விக் கடனுக்கான விண்ணப்பத்தை மகளையும் அழைத்துவந்து என் மேசையில் வைத்தான். மூவருமாக அமர்ந்து நிரப்பினோம். ஐயாயிரம் வெள்ளிக் கனவைவிட அந்தத் தாள் கனமற்றதுதான். எனினும் அது செல்லும் காசு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஐயுறுவதே அறிவு என்று முடித்தால் அதுவும் குறையாகும். அதற்கு மறுபக்கச் சான்று ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டிட்ட சென்ட்டில் இரட்டைப் பதிவு உள்ளதுபோல் இருவர் கள்ளக் காசு செய்து புழங்கவிட்டனர். அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையிலும் உண்மையாகவே இரட்டைப் பதிவு அச்சு ஒன்று காசடித்திருந்தது. கள்ளரைத் தேடிய அரசு அதிகாரிகள், தொடக்கத்தில் கிடைத்த உண்மைக் காசுகளுள் சிலவற்றையும் கள்ளக் காசு என்று பறிமுதல் செய்து அழித்துவிட்டனர். அவை அரசின் சொந்த இயந்திரத்தில் பிறந்தவை என்பது பின்னரே ஒப்புக்கொள்ளப்பட்டது. போலியை மெய் என்று நம்பினால் பணம் போகும். மெய்யைப் போலி என்று தள்ளினால் அரியதொரு பொருளே அழிந்துபோகும். இரண்டாவது இழப்பை ஈடுசெய்ய வழியில்லை.

அந்த 1969ஆம் ஆண்டுக் காசைச் சோதிக்கும் முறை மிக அழகியது. ஆண்டுக்குக் கீழே சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் 'எஸ்' என்னும் ஒற்றை எழுத்து இருக்கும். அக்காலத்தில் அவ்வெழுத்து தாய் அச்சில் இல்லை. ஒவ்வோர் அச்சும் முடிந்தபின் அதைத் தனியே ஓர் உளியால் கையால் பதிப்பர். ஆகவே, இரட்டைப் பதிவு உண்மையானால் ஆண்டும் வாசகமும் இரட்டையாக இருக்க, பின்னர் வந்த 'எஸ்' மட்டும் ஒற்றையாக நிற்க வேண்டும். அதுவும் சேர்ந்து அதே போக்கில் இரட்டையாக இருந்தால், அடிக்கும் நேரத்தில் இயந்திரம் அசைந்திருக்கிறது என்று பொருள். எந்தப் பகுதி எப்போது வந்து சேர்ந்தது என்னும் வரலாற்றை அறிந்தவனுக்கே பிழையின் பிறப்பிடமும் புலப்படும்.

இதைப் படிக்கும் தமிழாசிரியர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் நினைவு வருதல் இயல்பே. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த அப்பெரியார், பல ஊர்களிலிருந்து தேடிய ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே மூலத்தைக் கண்டார். செல் அரித்த துளை அந்த ஓர் ஏட்டுக்கே உரியது. எழுதியவர் கை தவறிய இடம் அவ்வேட்டிலும் அதைப் பார்த்துப் படியெடுத்த ஏடுகளிலும் தொடர்வது. ஒரே பிழை பல ஏடுகளில் ஒரே இடத்தில் வருமாயின் அவை ஒரு தாய் ஏட்டின் பிள்ளைகள் என்று கொள்ளலாம். காசை ஆராய்பவனும் ஏட்டை ஆராய்பவனும் கேட்கும் கேள்வி ஒன்றே: இக்குறை பிறவியில் வந்ததா, வளர்ந்தபின் வந்ததா?

வகுப்பறையிலும் அக்கேள்வியைக் கேட்கலாம். 30 மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, ஒரே சொல்லை ஒரே விதமாகப் பிழைபட எழுதியோர் 25 பேர் இருப்பின், அப்பிழை அவர்களுடையதன்று. பாடநூலோ, கரும்பலகையோ, கற்பித்தவரோ அதன் அச்சு. ஒருவன் மட்டும் பிழைத்திருந்தால், அவன் கண்பார்வையோ, வீட்டுச்சூழலோ, அன்றைய பசியோ காரணமாயிருக்கலாம். முன்னதற்கு அச்சைத் திருத்த வேண்டும்; பின்னதற்கு அந்தப் பிள்ளையிடம் தனியே பேச வேண்டும். இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போவது எளிது. ஆனால் அது திருத்தமாகாது.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயச்சாலைகள் ஒரே அழுத்தத்தில் அச்சுச் செய்யும் முறைக்கு மாறின. இனி இரட்டைப் பதிவே தோன்றாது என்று பலர் எண்ணினர். தாய் அச்சும் எஃகுத் துண்டும் அழுத்தத்தின் தொடக்கத்தில் சற்றே சாய்ந்து, பின் நேராகும்போது நடுப்பகுதியில் சிறு இரட்டை உண்டாகவே செய்தது. லிங்கனின் நூற்றாண்டுகளைப் போற்றி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட சென்ட்டுகளுள், இளம் லிங்கன் மரத்துண்டின்மீது அமர்ந்து நூல் படிக்கும் காட்சி பொறித்த ஒன்றில், அவர் கையில் விரல் ஒன்று கூடுதலாகத் தெரியும் வகைகள் பல கிடைத்தன. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசிச் சென்ட்டுகளைப் பிலடெல்பியாவில் அடித்து முடித்துவிட்டனர். ஆயினும் உலகெங்கும் பால் டின்களிலும் மேசை இழுப்பறைகளிலும் கோடிக்கணக்கான சென்ட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம்பிக்கையோடு வருவோரும் இருந்துகொண்டே இருப்பர்.

அவர்களுக்கு நாம் செய்யத்தக்க உதவி, விலையைச் சொல்வதன்று. நல்ல வெளிச்சத்தில் அமரவைத்துக் கண்ணாடியை அவர்கள் கையிலேயே கொடுப்பது. ஒரு மனிதன் தன் கண்ணால் கண்டு "இல்லை" என்று சொல்லும்போது அவன் காசை இழப்பதில்லை. அடுத்த முறை எவரேனும் பளபளக்கும் ஒன்றை அவன்முன் நீட்டும்போது, அவன் கேட்க வேண்டிய கேள்வி அவனிடமே இருக்கும்.